மனநலப் பிரிவில் உள்நோயாளியாக இருந்த பிள்ளை வீடு திரும்பிய பின் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

இதைக் கேட்டவர் பெற்றோராக இருப்பார் என்றும், பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாள் நெருங்கிவிட்டது என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லேன். 15 வயதில் கடும் மனச்சோர்வுடன் சேர்க்கப்பட்ட ஒரு பெண்ணின் தாய்.

சேர்த்த அன்று, குழந்தைகளின் பொதுச் செயல்நிலையை அளக்கும் அளவுகோலில் அவளுக்கு 35 போட்டார்கள். 1983-இல் வெளிவந்த அந்த அளவுகோல், வீட்டிலும் பள்ளியிலும் நண்பர்களிடத்திலும் பிள்ளை எப்படி இயங்குகிறது என்பதை 1 முதல் 100 வரையிலான ஒரே எண்ணில் சொல்வது. 70-க்கு மேல் என்றால் இயல்பு நிலை. ஆறு வாரம் கழித்து 58 என்றார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கு வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. வீடு திரும்பிய ஏழாவது வாரத்தில் அவளை மீண்டும் சேர்க்க வேண்டியதாயிற்று.

அந்த எண் பொய்யன்று. ஆனால் நாம் பிள்ளையைச் சேர்ப்பதே அதன் மிக மோசமான நாளில்தான். அங்கிருந்து அளக்கத் தொடங்கினால், சிகிச்சை முழுமையாகப் பலிக்காவிட்டாலும் ஏற்றம் தெரியத்தான் செய்யும். தவிர, பள்ளியோ தேர்வோ பழைய தோழிகளோ இல்லாத இடத்தில் எடுத்த அளவு அது.

பின்னர் அவளுடைய மருத்துவக் கோப்பைப் பார்த்தபோதுதான் என் நெஞ்சைச் சுட்ட தாள் கிடைத்தது. பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் 25 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியலை நானும் அவளும் தனித்தனியே நிரப்பியிருந்தோம். நல்ல நண்பர் ஒருவராவது உண்டு என்ற கூற்றுக்கு நான் 'முற்றிலும் உண்மை' என்று குறித்திருந்தேன். அவள் 'உண்மையில்லை' என்று குறித்திருந்தாள். பெற்றோரின் மதிப்பீடும் பிள்ளையின் மதிப்பீடும் பெரிதும் வேறுபடும் என்பது 1987-இலேயே அமெரிக்க உளவியலாளர் ஆக்கென்பாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டிய செய்திதான். ஆயினும் அந்த இரண்டு தாள்களையும் ஒருவரும் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

மருத்துவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கருத வேண்டாம். அவளுக்கு உறக்கத்தையும் பசியையும் மீட்டுத் தந்தவர்கள் அவர்களே. என் மனக்குறை ஒன்றுதான்: அடுத்த சந்திப்புக்கு நாள் குறிக்காமல், 'தேவைப்பட்டால் வரவும்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மனநலப் பிரிவிலிருந்து வெளியேறிய முதல் மூன்று மாதங்களில் தற்கொலை ஆபத்து மிகுதி என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. அதே வேளையில், அந்த ஆபத்து எந்தப் பிள்ளைக்கு நேரும் என்று அளவுகோலை வைத்துக் கணிக்க வேண்டாம் என்கிறது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வோர் பற்றி பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை: ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி உறுதியாகக் கணிக்க முடியாது. ஆனால் நல்ல விளைவோடு சேர்ந்து வருபவை எவை என்பது ஓரளவு தெரியும். குடும்பச் சூழலும், வீடு திரும்பிய பின் தொடரும் சிகிச்சையும் அவற்றுள் முக்கியமானவை.

இரண்டாம் முறை, வீடு திரும்பிய ஐந்தாம் நாளுக்குச் சந்திப்பு உறுதியான பிறகே அவளை அழைத்துச் செல்லக் கையொப்பமிட்டேன். அதற்கு முன் மருத்துவர் எங்கள் இருவரின் தாள்களையும் மேசைமேல் வைத்து, வேறுபட்ட இடங்களை அவளையே வாசிக்கச் சொன்னார். அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நீங்களும் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். பிள்ளை உடன் இருக்கட்டும்.