அப்பா அம்மா அமெரிக்கா வருகிறார்கள், இன்சூரன்ஸ் போடணுமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். டெக்ஸாஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது. திருமங்கலத்திலிருந்து அப்பா அம்மாவை ஆறு மாதத்துக்கு அழைக்கிறீர்கள். அப்பாவுக்கு 67 வயது, சுகரும் பிரஷரும் உண்டு. இன்சூரன்ஸுக்குச் சொல்கிற தொகையில் இன்னொரு விமான டிக்கெட்டே எடுத்துவிடலாம் போலிருக்கிறது. விட்டால் என்ன? போடுவதென்றால் மதுரையிலேயே போடலாமா?

போடுங்கள். ஆனால் எதைப் போடுகிறோம் என்று தெரிந்து போடுங்கள். நான் தெரியாமல் போட்டுப் பட்டவள்.

நான் நியூஜெர்சிக்குப் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இப்போது லீவில் மேலூர் வந்திருக்கிறேன். இதை எழுதும்போது அப்பா எதிர்த் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். 2016இல் அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று அடம்பிடித்து வந்தவர். மதுரையில் ஒரு ஏஜெண்ட் மூலமாக ஐம்பதாயிரம் டாலருக்கு பாலிசி எடுத்திருந்தோம். பழைய வியாதி ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு, "சும்மா இல்லைன்னு போடுங்க, பிரீமியம் ஏறிடும்" என்றார் ஏஜெண்ட். அப்படியே போட்டோம். அப்பா பத்து வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்.

வந்த மூன்றாவது வாரம் நெஞ்சை அடைக்கிறது, வேர்க்கிறது என்றார். 911 அழைத்து, ஆம்புலன்ஸ் வந்து, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்து எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். கடைசியில் வாயுக் கோளாறு! அந்த வாயுவுக்கு வந்த பில் 27,000 டாலர். ஆம்புலன்ஸுக்குத் தனி, டாக்டர்களுக்குத் தனி. இன்சூரன்ஸ் கம்பெனி மதுரை டாக்டரிடமிருந்து பழைய சீட்டுகளை வாங்கி அனுப்பச் சொன்னது. பிரஷர் மாத்திரையைப் பார்த்ததும், மறைத்துவிட்டீர்கள் என்று கையை விரித்துவிட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் பொய் எழுதியது நாங்கள்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1986 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று எமர்ஜென்சிக்கு வருகிறவரை, காசு இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பார்த்துவிடுவார்கள், பில் பிறகு வீடு தேடி வரும். அப்படி வந்தால் உடனே கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு ஐட்டமாகப் பிரித்துப் போட்ட பில்லைக் கேளுங்கள். லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரியாக இருந்தால், வசதியில்லாதவர்களுக்குக் குறைத்துக்கொள்ளும் திட்டம் ஒன்றை அவர்கள் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதற்கு மனுப் போடுங்கள். எங்களுக்கு 9,000 டாலராகக் குறைந்தது. இரண்டு வருடம் தவணையில் கட்டினேன்.

2019இல் அப்பா மறுபடி வந்தபோது அமெரிக்க பாலிசியாகவே எடுத்தேன். இதில் இரண்டு ஜாதி. ஒன்றில் டாக்டரைப் பார்க்க இவ்வளவு, ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு என்று முன்பே தொகையைக் கட்டிவைத்திருப்பார்கள். அதற்கு மேல் ஆவதெல்லாம் நம் தலையில். விலை மலிவு என்று மயங்க வைப்பது இதுதான். இன்னொன்று 'காம்ப்ரிஹென்சிவ்'. முதலில் 250 டாலரோ 500 டாலரோ நாம் கட்ட வேண்டும், அதற்கு மேல் பெரும்பங்கை, பாலிசியின் உச்சவரம்பு வரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அதிலும் 'அக்யூட் ஆன்செட்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். பழைய வியாதி திடீரென்று, முன்னறிகுறி இல்லாமல் முற்றினால் கொடுப்போம் என்று அர்த்தம். வழக்கமான சுகர் செக்கப்புக்கும் மாத்திரைக்கும் அது உதவாது. பல பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போயிருக்க வேண்டும் என்றும் இருக்கும். 70 வயது தாண்டினால் இதற்குக் கொடுக்கும் தொகையைப் பல கம்பெனிகள் வெகுவாகக் குறைத்துவிடும். உங்கள் அப்பாவுக்கு இன்னும் அந்தக் கவலை இல்லை.

அந்த 24 மணி நேரம்தான் நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல். பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று வலியை முழுங்கிக்கொண்டு இருப்பார்கள். அப்பா அன்று காலையில் சொன்ன நெஞ்சடைப்பு முந்தின ராத்திரியே ஆரம்பித்திருக்கிறது! இப்போது கேட்டாலும், "காசு எவ்வளவு ஆகுமோன்னு யோசிச்சேன்" என்கிறார். அதனால் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: காசு கட்டியாச்சு, வலித்தால் உடனே சொல்லணும் என்று. 2019இல் கட்டிய பணத்தில் ஒரு பைசா கூடத் திரும்ப வரவில்லை. ஆனால் காலில் லேசாக மரத்துப்போனதைக்கூட அப்பா வாய்விட்டுச் சொன்னார். சாதாரணக் காய்ச்சலுக்கு எமர்ஜென்சி வேண்டாம், 'அர்ஜெண்ட் கேர்' என்கிற சிறு கிளினிக் போதும், செலவும் பல மடங்கு குறைவு.

மதுரையிலேயே எடுப்பதா என்றால், இந்தியப் பாலிசியைக் கிளம்புவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். அமெரிக்க பாலிசிகளில் பலவற்றை வந்த பிறகும் எடுக்கலாம், நீட்டிக்கலாம். எதுவானாலும் வியாதியை மறைக்காதீர்கள். அப்பாவிடம் இருக்கும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது. உங்கள் கம்பெனி இன்சூரன்ஸிலும் பெரும்பாலும் பெற்றோரைச் சேர்க்க முடியாது.

ஐரோப்பா என்றால் இவ்வளவு யோசனையே தேவையில்லை. அங்கே பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கே 30,000 யூரோ இன்சூரன்ஸ் கேட்பார்கள்.

சுகர், பிரஷர் விஷயத்தை மதுரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, கண், எல்லாம் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு. மாத்திரையின் மருந்துப் பெயரை டாக்டர் லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மாத்திரை 90 நாளைக்கு மேல் கொண்டுவர வேண்டாம். இன்சுலின் இருந்தால் கைப்பையில்.

"பல்லையும் பாத்துட்டு வரச் சொல்லு" என்கிறார் அப்பா. சரிதான். சொத்தைப் பல் இந்தப் பாலிசிகளில் சேராது. அதற்கு நான் கட்டிய பில்லை அவரிடம் இன்றுவரை காட்டவில்லை.