பிபி, சர்க்கரை, மாரடைப்பு வராமல் தடுப்பது பற்றிக் கேளுங்கள்

வணக்கம். அரசு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் இருக்கிறேன். பிபி, சர்க்கரை, இதயம், பக்கவாதம், புகையிலையால் வரும் புற்றுநோய் எல்லாம் கேட்கலாம். ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போட்டு மருந்து கேட்டால் எழுத மாட்டேன். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்கள் இங்கே படித்ததை வைத்து நிறுத்திவிடாதீர்கள்.

கரூர்வாசி: வயது 38. கம்பெனி கேம்பில் பார்த்தபோது பிபி 150/96. தலைவலி, மயக்கம் எதுவுமே இல்லை மேடம். கண்டுகொள்ளாமல் விடலாமா?

விடக்கூடாது. பிபி இருக்கிற பெரும்பாலானவர்களுக்குத் தலைவலியும் இருக்காது, மயக்கமும் இருக்காது. முதல் அறிகுறியே பக்கவாதமாக வந்து சேர்கிறவர்களை வார்டில் அடிக்கடி பார்க்கிறேன். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, 35.5 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம். மூன்று மடங்கு! ஆனால் கல்யாணப் பந்தியில் 'எனக்கு சுகர், பாயசம் வேண்டாம்' என்பவர் உண்டு. 'எனக்கு பிபி, அப்பளம் வேண்டாம்' என்று யார் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்?

அதே சமயம் கேம்பில் எடுத்த ஒரே ஒரு அளவை வைத்து உங்களுக்கு பிபி என்று முத்திரை குத்தவும் முடியாது. படியேறி வந்து மூச்சு வாங்கும்போதே உட்காரவைத்து, முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்திருப்பார்கள். அந்த எண் கூடித்தான் இருக்கும். வீட்டில் மேல்கையில் கட்டுகிற மிஷினால் எடுங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து எழுதுங்கள். ஒரு வாரம், காலையும் மாலையும். அந்தத் தாளோடு போனால் டாக்டருக்கு வேலை சுலபம். வீட்டிலும் 135/85-க்கு மேலேயே நின்றால் உங்களுக்கு இருக்கிறது.

பாலாறு: 45 வயது ஆகிவிட்டது. மாரடைப்பு வராமல் இருக்க தினம் ஒரு ஆஸ்பிரின் போடலாமா?

இதய நோய் இல்லாதவர் தானாகப் போடக்கூடாது. வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

மல்லிகா: கொய்யா இலை டீ, வெந்தயத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை வராதா டாக்டர்?

வெந்தயம் நார்ச்சத்து, கொஞ்சம் உதவும். குடியுங்கள். 'வராது' என்று உத்தரவாதம் கிடையாது.

தேனி மைந்தன்: எச்பிஏ1சி 6.1 வந்திருக்கிறது. அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் சுகர். எனக்கு எப்படியும் வரத்தானே போகிறது, இப்போதே மாத்திரை ஆரம்பிக்கலாமா?

எச்பிஏ1சி என்பது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. அதில் 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை. 6.5 தொட்டால் சர்க்கரை நோய். நடுவில் நிற்கிறீர்கள், திரும்ப வழி இருக்கிறது.

உங்கள் கேள்விக்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் உங்களைப் போல எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை 3 ஆண்டு கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்ட குழுவில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றிய குழுவில் 39.3. மெட்பார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை மட்டும் சாப்பிட்ட குழுவில் 40.5. இரண்டும் சேர்த்துச் செய்தவர்கள்? 39.5. மாத்திரையைச் சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: நடந்தவர்களிலும் 100-க்கு 39 பேருக்கு வந்தது. நடந்தால் வரவே வராது என்கிறவர் சொல்வதையும் நம்பாதீர்கள். ஆனால் 55 எங்கே, 39 எங்கே?

வாரம் 150 நிமிடம் வேகநடை; ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் காலாற நடந்தாலும் பலன் உண்டு. இடுப்பை தொப்புள் மட்டத்தில் அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 தாண்டக்கூடாது. ஒல்லியாக இருக்கிறேன், தொப்பை மட்டும்தான் என்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம், அந்தத் தொப்பைதான் பிரச்சினையே. மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

ஈரோட்டுக்காரர்: உப்பைக் குறைக்க முடியவில்லை. இந்துப்புக்கு மாறிவிட்டேன். சரிதானே?

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, விலை வேறு. அயோடினும் போயிற்று.

உங்கள் வீட்டு உப்பை ஒரு முறை கணக்குப் போடுங்கள். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம்தான் உச்சவரம்பு. நான்கு பேர் உள்ள வீட்டில் 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரவேண்டும். பாக்கெட்டின்மேல் பிரித்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். அதற்கு முன்பே தீர்ந்தால் விடை கிடைத்துவிட்டது. ஊறுகாய், கருவாடு, வற்றல், மிக்சர் இந்தக் கணக்கிலேயே வரவில்லை! சாதம் வடிக்கும்போது போடும் உப்பை முதலில் நிறுத்துங்கள்.

மாற்று வேண்டுமென்றால் பொட்டாசியம் கலந்த உப்பு. சீனக் கிராமங்களில் 600 ஊர்களில் செய்து பார்த்த ஆய்வில் (2021) பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிபி மாத்திரை போடுகிறவர்களும் தொடக்கூடாது. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

நெல்லைத் தம்பி: எல்லா டாக்டரும் அரிசியைத்தான் திட்டுகிறீர்கள். எங்கள் தாத்தா மூன்று வேளையும் சோறுதான். 91 வயது வரை இருந்தார்!

நான் திட்டவே இல்லையே, நீங்களே ஆரம்பிக்கிறீர்கள். சரி, தாத்தாவுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்?

நெல்லைத் தம்பி: எட்டு. மூன்று பேர்தான் வளர்ந்தார்கள். ஆனால் அந்த மூன்று பேருக்கும் சுகர் இல்லையே?

சோதித்துப் பார்த்தார்களா? சுதந்திரம் வந்தபோது இந்தியாவின் சராசரி ஆயுளே 32-ஐ ஒட்டித்தான். காலரா, அம்மை, காசநோய், பிரசவம் எல்லாம் தாண்டி ஐம்பதைத் தொட்டவர்களைத்தான் 'அந்தக் காலத்து ஆட்கள்' என்று நாம் நினைவில் வைத்திருக்கிறோம். போனவர்களைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

சேலத்து அக்கா: தம்பி, எங்கள் பாட்டியும் அதே சோறுதான். 58 வயதில் பக்கவாதம். பேய் அடித்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

நெல்லைத் தம்பி: தாத்தா ஏர் பிடித்தவர் அக்கா, அதையும் பாருங்கள்.

அதைத்தான் தம்பி நானும் சொல்ல வந்தேன். உழைக்கிற தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அவர் சோறு வயலில் செலவானது. நீங்கள் அதே அளவைத் தின்றுவிட்டு வண்டியில் ஏறி ஆபீஸ் நாற்காலியில் உட்காருகிறீர்கள்.

சேலத்து அக்கா: அதனால்தான் நாங்கள் காலையில் கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறிவிட்டோம் மேடம்.

நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி சர்க்கரையை வேகமாக ஏற்றும் அக்கா. தானியம் நல்லதுதான், மாவாக்கிக் குடிக்கும்போது பாதி நன்மை போய்விடுகிறது. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒரு நாள் குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

காவிரிக்கரை: கறுப்புக் கவுனி?

நார் கூடுதல். ஆனாலும் அரிசி. வெல்லமும் நெய்யும் ஊற்றிப் பொங்கல் வைத்துவிட்டு 'பாரம்பரியம்' என்றால் கணையத்துக்குத் தெரியாது. எந்த அரிசியானாலும் சரி, தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறு. உருளைக்கிழங்கு காய்க் கணக்கில் சேராது. அரிசி விவகாரம் இத்துடன் முடிந்தது.

சிவகங்கை: ஆவாரம்பூ, கருஞ்சீரகம் சாப்பிட்டால்…

மல்லிகாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கடலோரம்: அப்பா புகையிலையை விட்டுவிட்டார். வெறும் வெற்றிலை பாக்கு மட்டும் போடுகிறார். பரவாயில்லையா?

புகையிலையை விட்டது பெரிய விஷயம், அவரைப் பாராட்டுங்கள். ஆனால் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேராமலேயே. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகவோ விறைப்பாகவோ இருக்கிறதா, ஆறாத புண் உண்டா, மூன்று விரல் செங்குத்தாக நுழையும் அளவுக்கு வாய் திறக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அரும்பு: முகத்தில் கருந்திட்டு…

தோல் மருத்துவர்.

விருதை: அம்மாவுக்கு பிபி 128/80 வந்துவிட்டது. குணமாகிவிட்டதால் மாத்திரையை நிறுத்திவிட்டோம்.

மாத்திரை போட்டதால்தான் 128! இன்றைக்கே அளந்து பாருங்கள், அவரைப் பார்க்கும் டாக்டரிடம் பேசி மறுபடி ஆரம்பியுங்கள். மாதாமாதம் போய் வாங்குவது சிரமம் என்றால் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது. 2021 முதல் பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

வைகை: மேடம், கருஞ்சீரகம் பற்றி…

ரவுண்ட்ஸுக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். கருஞ்சீரகக்காரர்கள் மேலே படியுங்கள்.