கைப்பிடி உறையை நம்பி வெட்டலாமா?

கேள்வி: அண்ணாச்சி, தாராவி 90 அடி சாலையில் ஓர் எலெக்ட்ரீஷியனிடம் உதவியாளனாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் மேஸ்திரி மெயினை அணைக்காமலே வயரை வெட்டுகிறார். "கைப்பிடியில் உறை இருக்கிறது, பயப்படாதே" என்கிறார். எனக்கென்று ஒரு கட்டிங் பிளையர் வாங்கப் போகிறேன். கரண்ட் இருக்கும் வயரைப் பயமில்லாமல் வெட்ட எதை வாங்குவது?

பதில்: தம்பி, எதை வாங்குவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி பேச்சைப் பிறகு எடுத்துக்கொள்வோம்.

நாக்தேவி தெருவிலோ லோஹார் சாலிலோ போய் நின்றால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று எல்லா நிறத்திலும் உறை போட்ட பிளையர்கள் தொங்கும். பெரும்பாலானவற்றில் அந்த உறை கை வழுக்காமல் இருப்பதற்காக மாட்டியது. கொஞ்சம் முறுக்கி இழுத்தால் சிலவற்றில் உருவிக்கொண்டே வந்துவிடும். உள்ளே வெறும் இரும்பு. உறைக்கும் இரும்புக்கும் நடுவே வியர்வை இறங்கும், எண்ணெய் இறங்கும். ஜூலை மாதத்து மும்பையில் வியர்க்காத கை ஏது?

மின்வேலைக்கென்றே சோதித்து விற்கும் பிளையர் வேறு. அதற்கான சர்வதேசத் தரத்தின் பெயர் ஐ.இ.சி. 60900. கைப்பிடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு முக்கோணங்கள் பொறித்திருக்கும். பக்கத்திலேயே 1000 வோல்ட் என்றும், தயாரித்த ஆண்டும், செய்தவர் பெயரும் இருக்கும். ஜெர்மன் மின் பொறியாளர் சங்கத்தின் வி.டி.இ. முத்திரையும் சிலவற்றில் உண்டு. இந்தத் தரத்தில் வரும் ஒவ்வொரு பிளையரையும் தொழிற்சாலையில் 10,000 வோல்ட் கொடுத்துச் சோதித்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். மாதிரிக்கு எடுத்தவற்றைக் குளிரவைத்து இடித்துப் பார்ப்பார்கள், தீச்சுடர் காட்டிப் பார்ப்பார்கள், உறை பிய்ந்து வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பார்கள். முத்திரையை யாரும் போலியாக அடித்துவிடலாம் என்பதால், அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்கு. பில் தரமாட்டேன் என்கிற கடையில் இந்தப் பொருளை மட்டும் வாங்காதே.

கையில் எடுத்ததும் இரண்டு விஷயம் பார். அலகுக்குக் கீழே, விரல் முன்னால் சறுக்கி இரும்பைத் தொடாதபடி ஒரு விளிம்பு உயர்ந்து நிற்க வேண்டும். அடுத்தது உறையின் நிறம். நல்ல தயாரிப்புகள் பலவற்றில் உறை இரண்டு அடுக்காக, வெளியே ஒரு நிறமும் உள்ளே வேறு நிறமுமாக இருக்கும். மேலடுக்கில் வெட்டு விழுந்தால் உள்நிறம் எட்டிப் பார்க்கும். அது தெரிந்த அன்றே அந்தப் பிளையரின் வேலை முடிந்தது.

வீட்டில் 230 வோல்ட்தானே, 1000 எதற்கு என்று கேட்பாய். 230 என்பது கணக்குக்கான மதிப்பு. ஒவ்வோர் அலையின் உச்சியிலும் அது 325 வோல்ட் வரை ஏறி இறங்குகிறது. கடைகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் வரும் மூன்று ஃபேஸ் இணைப்பில், அதாவது கரண்ட் வரும் மூன்று கம்பிகள் உள்ள இணைப்பில், இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட்டுக்குமேல் இருக்கும். அதற்கும் மேலே இடைவெளி வேண்டும் அல்லவா?

இனி மேஸ்திரி சொன்னதற்கு வருகிறேன். தம்பி, எவ்வளவு நல்ல பிளையராக இருந்தாலும் அது அடைப்பது ஒரே ஒரு வழியைத்தான்: அலகிலிருந்து கைப்பிடி வழியாக உன் உள்ளங்கைக்கு வரும் வழி. இடது கை எங்கே இருக்கிறது? வயரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் பகுதியில் மாடி அறைக்கு ஏற இரும்பு ஏணி, சுவர் தகரம். முழங்கால் ஏணியில் சாய்ந்திருக்கும், தோள் தகரத்தில் உரசும். வெட்டிய வயரின் முனை துள்ளி மணிக்கட்டில் பட்டால், பிளையரின் 1000 வோல்ட் முத்திரை உனக்கு எந்த உதவியும் செய்யாது.

எவ்வளவு கரண்ட் ஆளைக் கொல்லும் என்பதைத் தெரிந்துகொள். ஓர் ஆம்பியரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு மில்லி ஆம்பியர். 1 மில்லி ஆம்பியரில் சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டி ஒரு நொடி மார்பு வழியாகப் பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். சுவரில் இருக்கும், கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்சின் கணக்கில் இதெல்லாம் ஒன்றுமே இல்லை; 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். நீ துடித்துக்கொண்டிருந்தாலும் அது அசையாது. அது வயரைக் காக்க வைத்தது. ஆளைக் காக்க வைத்தது ஆர்.சி.சி.பி.; கரண்ட் வேறு வழியில் கசிந்தால் விழும் சுவிட்ச் அது, வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் விழுவது. நீ வேலை செய்யப் போகும் பழைய வீடுகளில் பலவற்றில் அது இருக்காது.

நான் பரேல் மில் ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருந்தபோது ரத்னகிரிக்காரர் ஒருவர் ஃபோர்மேன். எந்த லைனில் ஆள் ஏறினாலும் அந்த லைனின் ஃபியூஸைக் கழற்றித் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஆள் இறங்கி வந்து நேரில் கேட்டால்தான் திரும்பக் கொடுப்பார். மேனேஜரே வந்து அவசரப்படுத்தினாலும் பை திறக்காது. இன்று எம்.சி.பி.க்கு மாட்டும் சிறிய பூட்டுகள் கிடைக்கின்றன, அதே வேலைதான். ஒரு பூட்டு வாங்கி பிளையரோடு சேர்த்து வைத்துக்கொள்.

மேஸ்திரியிடம் வாதம் செய்யாதே. "நான் கீழே போய் மெயினை அணைத்துவிட்டு அங்கேயே நிற்கிறேன், யாரும் போடாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் காரணம் இருக்காது. அதற்கும் சம்மதிக்காதவர் என்றால், வேறு மேஸ்திரியைத் தேடு. உன் அம்மா உன்னைத் தொழில் கற்கத்தான் அனுப்பியிருக்கிறார்.

கேள்வி: என் கணவர் முக்கோணக் குறி போட்ட நல்ல பிளையரால்தான் டேபிள் ஃபேன் வயரை வெட்டினார். பிளக் சொருகி சுவிட்ச் போட்டிருந்ததை மறந்துவிட்டார். பெரிய வெடிச்சத்தம், நெருப்பு, பிளையரின் அலகில் ஓட்டை விழுந்துவிட்டது. ஷாக் அடிக்கவில்லை. பிளையரில் குறையா? — வாசகி, செம்பூர்

பதில்: பிளையரில் குறையில்லை அம்மா. அது தன் வேலையைச் செய்ததால்தான் அவருக்கு ஷாக் அடிக்கவில்லை. ஆனால் ஃபேன் வயருக்குள் கரண்ட் வரும் ஃபேஸ், அது திரும்பிப் போகும் நியூட்ரல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. அலகு இரண்டையும் ஒரே கடியில் கடித்தபோது இரும்பே இரண்டுக்கும் பாலமாகிவிட்டது. அந்த நொடியில் பாயும் கரண்ட் நூற்றுக்கணக்கான ஆம்பியர். செம்பு உருகுவதற்கு 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தப் பொறியின் சூடு அதற்கும் பல மடங்கு மேலே. அலகின் எஃகையே அது தின்றிருக்கிறது. எம்.சி.பி. சட்டென்று விழுந்ததால் அதோடு நின்றது.

எனக்கு அலகைவிட அவர் கண்ணைப் பற்றித்தான் கவலை. உருகிய செம்புத் துளி தெறித்திருக்கும். கண்ணில் உறுத்தல் இருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளம் விழுந்த பிளையரை மின்வேலைக்கு இனி எடுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் கட்டடம் மிகப் பழையது. சுவிட்சை அணைத்துவிட்டு, டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்று பார்த்துவிட்டு வயரை வெட்டினால் போதும்தானே? — வாசகர், மாட்டுங்கா

பதில்: போதாது ஐயா, இரண்டு காரணங்களால்.

பழைய வயரிங்கில் சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும். ஹோல்டர் வரை ஃபேஸ் உயிரோடுதான் இருக்கும். அதனால் அணைக்க வேண்டியது மெயினை, சுவிட்சை அல்ல.

டெஸ்டர் இன்னும் மோசம். அந்தச் சிறிய நியான் விளக்கு எரிவதற்கான கரண்ட் உங்கள் உடல் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. உள்ளே இருக்கும் பெரிய மின்தடை அதை உணர முடியாத அளவுக்குக் குறைக்கிறது. நீங்கள் காய்ந்த மர ஸ்டூலில் ரப்பர் செருப்போடு நின்றால் விளக்கு மங்கலாக எரியும், எரியாமலும் போகும். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று நம்புங்கள். எரியவில்லை என்பதை நம்பாதீர்கள். மல்ட்டிமீட்டரையோ இரண்டு முனை டெஸ்டரையோ முதலில் கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்துப் பாருங்கள், பிறகு வெட்டப் போகும் வயரில், பிறகு மறுபடியும் அந்தப் பிளக்கில். மெயின் அணைந்திருந்தால் பக்கத்து வீட்டு பிளக்கோ கீழே இருக்கும் பொது விளக்கு இணைப்போ உதவும். மூன்றாவது தடவை பார்ப்பது வீண்வேலை என்று தோன்றும். நடுவில் மீட்டரின் பாட்டரி தீர்ந்திருந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

நிறத்தையும் முழுதாக நம்பவேண்டாம். நம் பழைய வழக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். வெளிநாட்டுச் சாதனங்களின் வயரில் நீலம் நியூட்ரல், பழுப்பு ஃபேஸ். ஒரே பெட்டிக்குள் இரண்டும் வந்து சேர்வது இப்போது சாதாரணம்.

இன்னொன்று. "நியூட்ரல்தானே" என்று யாரும் அலட்சியமாக வெட்டக் கூடாது. எங்காவது ஒரு விளக்கோ ஃபேனோ ஓடிக்கொண்டிருந்தால், வெட்டிய நியூட்ரலின் சாதனப் பக்க முனைக்கு அந்தச் சாதனம் வழியாகவே முழு வோல்ட்டேஜும் வந்துவிடும்.

கேள்வி: இன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம். மெயினை அணைத்தால் சரியா? — அம்பர்நாத்

பதில்: சரியில்லை. மெயினை அணைத்தால் கரண்ட் போய்விட்டது என்றுதான் இன்வெர்ட்டர் நினைக்கும். உடனே தன் பாட்டரியிலிருந்து அதே வயரில் 230 வோல்ட்டை அனுப்பும். இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, பிறகு சோதியுங்கள்.

கேள்வி: நவி மும்பையில் கூரை சோலார் பொருத்தும் வேலை செய்கிறேன். 1000 வோல்ட் பிளையரால் பேனல் வயரை வெட்டலாமா?

பதில்: ஐ.இ.சி. 60900 கருவிகள் நேர்மின்சாரத்தில் 1500 வோல்ட் வரை தாங்குவதாகக் கணக்கு. கைப்பிடி தாங்கும். ஆனால் கரண்ட் ஓடும்போது வெட்டவே கூடாது. வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. அப்போது பொறி தானாக அணைய ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. பேனலின் நேர்மின்சாரத்தில் அந்தப் பூஜ்யம் இல்லை. பொறி பிடித்தால் நீண்டுகொண்டே எரியும். முதலில் இன்வெர்ட்டரை அணை, பிறகு பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டி.சி. ஐசொலேட்டரை அணை, அதன் பிறகுதான் இணைப்பானைக் கழற்று. வெயில் இருக்கும்வரை பேனலின் முனைகளில் வோல்ட்டேஜ் இருந்தே தீரும். அதற்கு மெயின் சுவிட்ச் கிடையாது.

கேள்வி: லைன்மேன் பிளையர் எப்படித் தோன்றியது? — கல்லூரி மாணவி, முலுண்ட்

பதில்: சிகாகோவில் மத்தியாஸ் க்ளைன் என்ற கொல்லரிடம் 1857-இல் தந்திக் கம்பி போடும் தொழிலாளி ஒருவர் பாதி உடைந்த பிளையரோடு வந்தார். க்ளைன் உடைந்த பாதியை அடித்துக் கொடுத்தார். சில நாளில் மற்றப் பாதியும் உடைய, அதையும் அடித்துக் கொடுத்தார். இப்படி முழுதும் அவர் கையால் ஆனதுதான் அவருடைய முதல் லைன்மேன் பிளையர் என்று அந்த நிறுவனம் சொல்லிவருகிறது. வீடுகளுக்கு மின்சாரம் வராத காலம் அது. கைப்பிடிக்கு உறை வேண்டும் என்ற எண்ணம் பிறகு வந்தது.

கேள்வி: எங்கள் சொசைட்டி வாசலில் குழாய்க்குத் தோண்டியபோது ஒரு கனமான கேபிள் தெரிந்தது. கைவிடப்பட்ட கேபிள் என்று ஒப்பந்தக்காரர் வெட்டச் சொல்கிறார். — சொசைட்டி செயலாளர், சயான்

பதில்: யாரும் தொடவேண்டாம் ஐயா. தோண்டுவதை இப்போதே நிறுத்தி, மின் விநியோக நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். சாலைக்கு அடியில் 11,000 வோல்ட் கேபிள்களும் ஓடுகின்றன. 1000 வோல்ட் பிளையரும் ரப்பர் கையுறையும் அங்கே ஒன்றுமே இல்லை. மின் நிறுவனத்தார்கூடக் கருவி வைத்துக் கேபிளை அடையாளம் கண்டு, எர்த் செய்த ஆணியைத் தொலைவில் நின்றபடி அதில் பாய்ச்சிப் பார்த்த பிறகுதான் ரம்பம் எடுப்பார்கள். ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்தினால், கைவிடப்பட்ட கேபிள் என்று மின் நிறுவனத்திடமிருந்து எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்.

கேள்வி: விரிசல் விட்ட கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டலாமா? — கோவண்டி

பதில்: கூடாது. டேப் விரிசலை மறைக்கும்; அடைக்காது. வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்தால் அதன் பசை இளகி நகரும். தின்னரிலும் மண்ணெண்ணெயிலும் துடைப்பதாலும் உறை கெடுகிறது. ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தாலே போதும். விரிசல் விட்டதைக் காயலான் கடையில் அப்படியே போடாதீர்கள். யாராவது ஒரு பையன் அதைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போவான். உறையைப் பிளேடால் உரித்து எறிந்துவிட்டு, வெறும் இரும்பாக்கிப் போடுங்கள்.