விவிகம் ஏன் உதிர்கிறது?

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்று நம் புதுச்சேரி கிறிஸ்துமஸ் கேக்கான விவிகம் சுட்டேன். பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது, வெட்டினால் உதிர்கிறது. என்ன தப்பு?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நம் ஊர் விவிகம் ரவை கேக் ஆயிற்றே, மைதா கேக் மாதிரி கலந்த உடனே அடுப்பில் ஏற்றினால் எப்படி? ரவையை வெண்ணெயோடு பிசைந்து சில மணி நேரமாவது ஊறவிடுங்கள், இல்லாவிட்டால் வாயில் நறநறவென்று தனியாக நிற்கும், உதிரத்தான் செய்யும். ரம்மில் ஊறிய திராட்சையை நன்றாக வடித்து, ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிக் கடைசியில் சேருங்கள். மாவும் கரண்டியிலிருந்து ஒழுகக் கூடாது, பொத்தென்று விழ வேண்டும். ஓவன் சூடு 170 டிகிரி போதும். அப்புறம், சூட்டோடு கத்தி வைக்காதீர்கள், மறுநாள் வெட்டுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கா? ரம்முக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு. உதிர்ந்ததைப் பாலில் போட்டு நீங்களே சாப்பிடுங்கள், அதுவும் ருசிதான்.