சுவருக்கு டிக்கெட் கிடையாது

பள்ளி விடுமுறை நெருங்குகிறது போலும். இந்த வாரக் கடிதங்களில் பாதி இங்கிலாந்தின் யார்க் நகரத்தைப் பற்றியவை.

கே: நாங்கள் நால்வர். ஒரே நாளில், கை கடிக்காமல் யார்க்கில் என்ன பார்க்கலாம்? (லெஸ்டர் வாசகர்)

ப: நகரைச் சுற்றியிருக்கும் பழைய மதில்மேல் ஏறி நடங்கள். ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர், காலணா கிடையாது. இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும், வாயில்களைப் பூட்டிவிடுவார்கள். சில இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை, குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தின் பின்பக்கம் தேசிய ரயில் அருங்காட்சியகம், அதுவும் இலவசம். 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடிய 'மல்லார்ட்' நீராவி எஞ்சின் அங்கேதான் நிற்கிறது. முதல் தடவை போனபோது நான் மொட்டைமாடி பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கினேன். மழையில் நனைந்துகொண்டே, மதில்மேல் குடையோடு சும்மா நடந்துபோனவர்களை அண்ணாந்து பார்த்தேன்.

கே: யார்க் மின்ஸ்டர் பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணமாம். கோயிலுக்குள் போகவும் பணமா? (குரோய்டன் வாசகி)

ப: வழிபடப் போகிறவர்களிடம் வாங்குவதில்லை. மாலைப் பாட்டு வழிபாட்டுக்குப் போனால், ஒரு பைசா இல்லாமல் பாடகர் குழுவைக் கேட்கலாம். ஆனால் வழிபாடு நடக்கும்போது சுற்றிப் பார்க்க முடியாது. நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் டிக்கெட் எடுங்கள். கிழக்குப் பெருஞ்சாளரம் ஒன்றுக்கே அது தகும். டென்னிஸ் மைதானம் அளவுக்கு வண்ணக் கண்ணாடி. 1405-இல் ஜான் தார்ன்டன் என்பவரோடு ஒப்பந்தம் போட்டார்கள்: மூன்று ஆண்டுக்குள் முடித்தால் 10 பவுண்டு கூடுதல். மனிதர் 1408-இல் முடித்து, ஆண்டையும் கண்ணாடியிலேயே எழுதிவைத்தார். மொத்தக் கூலி 56 பவுண்டு. என் வீட்டுச் சமையலறை அலமாரியை மூன்று வாரத்தில் முடிப்பதாகச் சொன்னவருக்கு இதைப் படித்துக்காட்ட ஆசை. முன்பணம் வாங்கிப் போனவர் இன்னும் வரவில்லை.

கே: மலிவு விலை முன்பதிவு டிக்கெட் எடுத்திருந்தேன். சீக்கிரமே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதால் முந்தைய ரயிலில் ஏறினேன். முழுக் கட்டணம் வாங்கிவிட்டார்கள். நியாயமா?

ப: டிக்கெட்டில் எந்த ரயில் என்று அச்சிட்டிருந்தது. நியாயம்தான்.

கே: ஷாம்பிள்ஸ் தெருப் பக்கம் ஒரு கடையில் என் மகன் 140 பவுண்டு கொடுத்து எனக்கு 'விட்பி ஜெட்' என்ற கருப்பு நகைப்பொருளில் செய்த பதக்கம் வாங்கித் தந்தான். கருப்புக் கண்ணாடி என்கிறார் நகை மதிப்பீட்டாளர். வாங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் காட்டுகிறார் கடைக்காரர்.

ப: அம்மா, அந்தப் பலகையைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் தீராது. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க வருகிறவரிடம் அதைக் காட்டலாம். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் அது வெறும் மரப்பலகை. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் விவரிப்புக்குப் பொருந்தாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். வாங்கியவர் மகன் என்பதால் அவர்தான் கேட்க வேண்டும். மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மகன் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டியதால் கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு. கடைக்காரர் முரண்டு பிடித்தால் வங்கிக்கு எழுதச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு: ஜெட் என்பது கல்லே அல்ல, கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் புதைந்து இறுகிய மரம். அதனால் கையில் எடுத்தால் கனமே இருக்காது, சில்லென்றும் இராது. கண்ணாடி கனக்கும், குளிரும். மெருகிடாத பீங்கானில் தேய்த்தால் ஜெட் பழுப்புக் கோடு போடும். கடையில் தேய்க்க விடமாட்டார்கள். ரசீதில் 'விட்பி ஜெட்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். எனக்கு இந்த ஞானம் ஒரு ஜோடி கம்மலுக்குப் பிறகு வந்தது. மனைவி இன்றுவரை அதைப் போடவில்லை.

கே: விடுதியின் பெயரில் 'யார்க்‌ஷயர்' இருந்ததால் பதிவு செய்தேன். யார்க்கிலிருந்து 35 மைலாம்! இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாமே?

ப: குறிப்பிட்ட தேதிக்கு எடுத்த அறைக்கு அந்த 14 நாள் சலுகை கிடையாது. யார்க் ஊர்; யார்க்‌ஷயர் ஒரு பெரிய வட்டாரம். வரைபடம் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

கே: சென்னையிலிருந்து வருகிறேன். யார்க்கில் வாங்கும் பொருளுக்கு விமான நிலையத்தில் வாட் வரி திரும்பக் கிடைக்குமா?

ப: 2021 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். கார்டு இயந்திரம் ரூபாயா பவுண்டா என்று கேட்டால் பவுண்டையே அழுத்துங்கள்.

கே: யார்க்கின் நினைவாக என்ன சாக்லேட் வாங்கலாம்?

ப: டெர்ரிஸ் சாக்லேட் ஆரஞ்சு யார்க்கில் பிறந்ததுதான். அந்த ஆலையை 2005-இல் மூடிவிட்டார்கள். இதைச் சொல்லாமல் அண்ணன் மகனுக்கு ஒன்று கொடுத்துப் பெருமையடித்தேன். பையன் பெட்டியைத் திருப்பிப் படித்தான்: பிரான்ஸ்.

கே: இரவில் பேய் உலா போனோம். ஒரு பேயும் வரவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

ப: வரும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் கேளுங்கள்.