மண்கரை சிறியதுதான், கீழே இருக்கும் வீடுகள்?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் தோப்பில் 4 மீட்டர் உயரம், 150 மீட்டர் நீளத்துக்கு மண்கரை போட்டு மழைத்தண்ணீரைத் தேக்குகிறோம். கீழே ஊர்ச்சாலையும் நான்கு வீடுகளும் உள்ளன. இது அணைப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருமா? மடைக்குழாய் வெளிவரும் இடத்தில் ஈரம் தட்டுகிறது.

பதில்: வராது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, கரை நீளம் 500 மீட்டர் அல்லது கொள்ளளவு 10 லட்சம் கனமீட்டர் போன்ற வரம்பு ஒன்றைத் தொட்டால் சேரும். உயரத்தை அஸ்திவாரத்தின் தாழ்ந்த இடத்திலிருந்து கரை உச்சிவரை அளப்பார்கள்.

ஆபத்து வகை வேறு கணக்கு. கரை உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதே அதில் கேள்வி. வயல் மட்டும் பாழானால் குறைவு. சாலை, மின்கம்பம் போனால் நடுத்தரம். உயிர் போக வாய்ப்பிருந்தால் அதிகம். கரையின் உறுதிக்கு இதில் இடமில்லை. அந்த நான்கு வீடுகள் தண்ணீர் பாயும் தாழ்வில் இருந்தால், உங்கள் கரை அதிக ஆபத்து வகைதான். உங்கள் கலுங்குத் தண்ணீர் (குளம் நிறைந்ததும் மிச்சம் வழியும் வாயிலிருந்து வருவது) இன்னொரு கண்மாய்க்குப் போகிறதென்றால், அதன் கரையையும் கணக்கில் சேருங்கள்.

மண்கரைக்குப் பெரிய எமன், தண்ணீர் மேலேறி வழிவது. குளத்துக்குத் தண்ணீர் ஓடிவரும் நிலம், அதாவது வரத்துப் பரப்பு, 50 ஏக்கர் என்று வைத்தால், அதில் மணிக்கு 100 மி.மீ. மழை கொட்டி, பாதி ஓடிவந்தாலே விநாடிக்குச் சுமார் 2.8 கனமீட்டர் தண்ணீர். அரை மீட்டர் உயரத்துக்கு வழியும்போது 3 மீட்டர் அகலக் கலுங்கு 1.8தான் தள்ளும், 5 மீட்டர் இருந்தால் 3 தள்ளும். கூடுதல் தண்ணீரைத் தேக்கக் கலுங்கில் மணல்மூட்டை அடுக்குவதும், மீனுக்கு வலை கட்டுவதும் அந்த வழியை அடைத்துவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள். நிறைமட்டத்துக்கு மேல் ஒரு மீட்டராவது கரை நிற்கட்டும்.

ஈரத்தை அசட்டையாக விடாதீர்கள். குழாயின் அடிவயிற்றில், மண்ணை இடித்து இறுக்கும் திமிசுக்கட்டை எட்டாது. அங்கே மண் இறுகாமல் நிற்கும், தண்ணீர் அந்த வழியே நூல் பிடித்து வரும். கசிவைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவாகவே இருந்தால், லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி என்று வாரந்தோறும் குறித்து வாருங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளிருந்து அரிக்கிறது என்று பொருள்.

வெளிப்பக்கம் களிமண்ணோ சிமெண்டோ வைத்து அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் கிளம்பும். கசிவின்மேல் பெருமணல் 15 செ.மீ., அதன்மேல் சிறுஜல்லி 15 செ.மீ., மேலே கல் பரப்புங்கள். தண்ணீர் வரும், மண் வராது. கோடையில் குளம் வற்றியதும் குழாயைச் சுற்றித் தோண்டி, ஈரப்பதமான களிமண்ணை 15 செ.மீ. அடுக்காக இடித்து நிரப்புங்கள். வெளிமுனைப் பக்கம் மூன்றில் ஒரு பங்குக்குக் களிமண்ணுக்குப் பதில் பெருமணல் சூழட்டும்.

ஐப்பசிக்கு முன்பே இரண்டு யூனிட் மணலும் ஜல்லியும் கரையோரம் இருக்கட்டும். கசிவு கலங்கி வரக் கண்ட நேரத்தில் முதலில் அந்த நான்கு வீடுகளுக்குச் சொல்லுங்கள், அடுத்து மடையைத் திறந்துவிடுங்கள், அதன் பிறகு மணலைக் கொட்டுங்கள்.