மஞ்சள் மிளகு கேப்சூல் கல்லீரலுக்கு நல்லதா?

கேள்வி: எனக்கு 54 வயது. கெட்ட கொழுப்பு 168 இருக்கிறது, ஸ்கேனில் கல்லீரலிலும் கொழுப்பு என்று வந்தது. டாக்டர் கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாடின் மாத்திரை எழுதிக்கொடுத்தார், அது கல்லீரலைக் கெடுக்கும் என்கிறார்கள். ஏற்காட்டில் மஞ்சள் மிளகுச் சத்து கேப்சூல் வாங்கி வந்தோம். மாத்திரையை விட்டுவிட்டு இதையும் கீழாநெல்லிச் சாற்றையும் எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: வேண்டாம் அம்மா, மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கல்லீரலில் கொழுப்பு உள்ளவர்களும் அதைச் சாப்பிடலாம், அதனால் பெரிய பாதிப்பு வருவது மிக மிக அபூர்வம். உங்களைப் போன்றவர்களுக்குக் கல்லீரலைவிட இதயத்துக்குத்தான் ஆபத்து அதிகம்.

எனக்குப் பயமெல்லாம் அந்த கேப்சூல் மேல்தான். குழம்பில் போடுகிற மஞ்சளையோ சேர்வராயன் மலை மிளகையோ நான் குறை சொல்லவில்லை, தாராளமாகப் போடுங்கள். மஞ்சள் தூளில் அதன் முக்கியச் சத்தான குர்குமின் நூற்றுக்கு 3 பங்கு அளவில்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். கேப்சூலிலோ அதை மட்டும் பிரித்தெடுத்து அடைத்து, கூடவே மிளகின் பைபரினையும் சேர்க்கிறார்கள். 1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு வெறும் 20 மில்லிகிராம் பைபரின் கொடுத்தபோது, ரத்தத்தில் ஏறிய அளவு 20 மடங்கு ஆனது. இப்படிப்பட்ட கேப்சூல்களைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலையே வந்திருக்கிறது. இத்தாலியில் டப்பா மேலேயே எச்சரிக்கை போடச் சொல்லிவிட்டார்கள்.

கீழாநெல்லி விஷயம் வேறு. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ள 37 பேருக்கு 30 நாள் கொடுத்ததில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. நம் ஊர்ச் செடியை உலகமே திரும்பிப் பார்த்தது, ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் கிருமிக்குத்தான், உங்களுக்கு இருக்கிற கொழுப்புக்கு இல்லை.

எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைத்தால் கல்லீரல் கொழுப்பு நன்றாகவே இறங்கும். தினமும் நடங்கள், சர்க்கரையைக் குறையுங்கள்.

அப்புறம், கேப்சூல் டப்பாவைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டி, சாப்பிட்டிருந்தால் எத்தனை நாள் என்று சொல்லி, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதற்கிடையில் பசி குறைந்தாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.